சோடாபுட்டிக் கண்ணாடியும் சால்டரிங் அயர்னும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலையில் நாற்பது ஆண்டுகளாக ரேடியோவும் தொலைக்காட்சியும் பழுதுபார்த்து வருகிறேன். ஊரார் தொலைக்காட்சியை முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் பின்பக்க மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, அதற்குள் தெரியும் படத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பழுது நீங்கிய பெட்டியை உடனே கொடுத்தனுப்பவும் முடியாது. இரண்டு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அப்படி ஓடவிட்ட நேரங்களில் என் கண்ணிலும் காதிலும் விழுந்த நாடகங்களுக்கும் நகைச்சுவைத் தொடர்களுக்கும் கணக்கே கிடையாது. அறிவியலிலோ கருவியிலோ புத்தகத்திலோ மனத்தைப் பறிகொடுத்த பிள்ளைகளை அவற்றில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. வெட்டாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மைனஸ் நாலரை பவர் கண்ணாடி. பள்ளி விட்டதும் நேராக என் கடைக்கு வந்துவிடுவாள். போன ஐப்பசியில் அவளாகவே ஒரு சிறிய ரேடியோ செய்தாள். கழித்துப்போட்ட பழைய ரேடியோ ஒன்றிலிருந்து, அலையை வாங்கும் ஃபெரைட் கம்பியையும் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கத் திருப்பும் காங் கண்டென்சரையும் கழற்றி எடுத்துக்கொண்டாள். ஃபெரைட்டின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை எண்ணி எழுபது சுற்றுச் சுற்றினாள். இரண்டு முறை எண்ணிக்கை தவறிப்போய், எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து சுற்றினாள். நான் கை வைக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஒரு சனிக்கிழமை மாலை, இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்டென்சரை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தவள், அப்படியே அசையாமல் நின்றுவிட்டாள். “பாட்டா, ஆள் பேசுகிறது” என்றாள். வாங்கி என் காதில் வைத்தேன். திருவனந்தபுரம் நிலையம், மலையாளச் செய்தி. எத்தனையோ ஆயிரம் ரேடியோக்களைப் பேசவைத்த கை இது. அன்று நடுங்கியது.

மாசியில் பள்ளி ஆண்டு விழா வந்தது. அந்த ரேடியோவைக் கொண்டுவரச் சொன்னார்கள். கண்காட்சியில் வைப்பதற்கு என்று நினைத்து, துடைத்து, அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துப்போனாள். அங்கே போன பிறகுதான் நாடகத்துக்கு என்று தெரிந்தது. கண்ணாடியையும் கேட்டார்கள். கொடுத்துவிட்டாள்.

நானும் என் மனைவியும் போயிருந்தோம். மேடைக்கு ‘விஞ்ஞானி’ வந்தான். எண்ணெய் வழியும் தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, பையில் நான்கு பேனா, முன்பல்லில் செருகிய தேங்காய்ச் சில்லு, மூக்கில் என் பேத்தியின் கண்ணாடி, கையில் அவளுடைய ரேடியோ. நல்ல பார்வை உள்ள பையன் மைனஸ் நாலரைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடக்க முடியுமா? மைக் கம்பத்தில் போய் முட்டினான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. திக்கித் திக்கிப் பேசினான். ஒரு பெண்பிள்ளை எதிரே வந்ததும் கைகால் உதறிக் கீழே விழுந்தான். ரேடியோவைக் காதருகே பிடித்துக் குலுக்கிப் பார்த்து, பேசாததால் தரையில் போட்டான். கண்ணாடி இல்லாததால் என் பேத்திக்கு மேடை தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எதற்குச் சிரிக்கிறார்கள்? யார் வந்திருப்பது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என் மனைவி பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு எல்லாம் கைக்கு வந்தபோது ஃபெரைட் கம்பி இரண்டு துண்டாக இருந்தது. கண்ணாடி வளையலைப்போல ஒடியும் பொருள் அது.

அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவன் எண்ணெயையும் பல்லையும் திக்கலையும் தன் மூளையிலிருந்து எடுக்கவில்லை. எல்லாம் வரவேற்பறையில் தினமும் ஓடுகிற பெட்டியிலிருந்து எடுத்தது. அந்தப் பெட்டிகளை நாற்பது ஆண்டுகளாக ஓடவைத்துக் கொடுத்தவன் என்ற முறையில், அதில் என்ன ஓடுகிறது என்று சொல்லும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

1997இல் தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ தொடங்கியது. அது வருவதற்குள் பெட்டியைச் சரிசெய்து தரும்படி பிள்ளைகள் கடைவாசலில் வந்து நிற்பார்கள். உலகத்தைக் காக்கும் அந்த வீரன், தன்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகக் கங்காதர் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரராக வேடம் போடுவான். பெரிய கண்ணாடி, துருத்திய பல், படிய வாரிய தலை. இப்படி ஒருவனை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கமாட்டார்கள் என்பதே அந்த வேடத்தின் பலம். அதே தொடரில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர் வில்லனின் கூட்டாளியான கொடிய விஞ்ஞானி. பார்த்த பிள்ளைகளுக்கு இரண்டே வழி: அசடாக இருக்கலாம், அல்லது கெட்டவனாக இருக்கலாம்.

தமிழ்த் தொடர்களிலும் நகைச்சுவை நிகழ்ச்சிகளிலும் அந்த வேடம் இன்றுவரை கலையவில்லை. படிக்கிற பிள்ளை என்றால் சோடாபுட்டிக் கண்ணாடி. அவன் வாயைத் திறந்தால் செந்தமிழ். அந்தத் தமிழுக்கும் சேர்த்துச் சிரிப்பு. அம்மா ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவான். பந்து வந்தால் முகத்தில்தான் வாங்குவான். பெண்ணாக இருந்தால் இன்னொரு கொடுமை. கதையின் நடுவில் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிப் பின்னலை அவிழ்த்துவிடுவாள். உடனே வீடே அவளை அழகி என்று திரும்பிப் பார்க்கும். கழற்றியவளுக்குக் கண் தெரியுமா என்ற கேள்வி அதை எழுதியவருக்கு எழவே இல்லை. மைனஸ் நாலரையில் ஒரு பிள்ளையை வளர்க்கும் வீட்டில் அந்தக் காட்சியைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆண்டு விழாவுக்கு முன்பு, இதெல்லாம் அவளுக்கு வலிக்காத காலத்தில், ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த என் பேத்தி சொன்னாள்: “பாட்டா, அவன் போட்டிருப்பது பிளஸ் பவர். அதனால்தான் கண் முட்டைபோலத் தெரிகிறது. என் கண்ணாடிக்குள் கண் சின்னதாகத்தானே தெரியும்?” உண்மைதான். தூரத்துப் பொருள் தெரியாத பிள்ளைகள் போடுவது குழிவில்லை; அது கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும். கண்ணை ஊதிக் காட்டுவது குவிவில்லை. படித்துப் படித்துக் கண் கெட்டவன் என்று ஒருவனைக் காட்டுகிறவர்கள், அவன் எந்தக் கண்ணாடி போடுவான் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை பார்த்தாள்.

போன வருடம் இன்னொரு தொடரில் ஒரு வாலிபன் ஏதோ கருவி கண்டுபிடித்தான். ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பேனா பிடிப்பதுபோல நுனிக்கு அருகே இரும்பில் பிடித்திருந்தான். 300 டிகிரிக்கு மேல் காயும் நுனி அது. அந்த இடத்தில் கை பட்ட தழும்பு என் ஆள்காட்டி விரலில் இன்னும் இருக்கிறது. படப்பிடிப்பு நடந்த தெருவில் எந்த ரேடியோக் கடைக்காரரிடம் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பது முக்கியமில்லை. அவன் தலை கலைந்திருப்பதும், அம்மா கூப்பிடுவது காதில் விழாததும்தான் காட்சி. ஈயம் சரியான சூட்டில் உருகும்போது ஒரு நொடி வெள்ளிபோல மின்னி, கம்பியைச் சுற்றித் தானே ஓடிப்போய் அணைத்துக்கொள்ளும். மங்கி உருண்டு நின்றால் பற்றவில்லை என்று பொருள். அந்த ஒரு நொடி மினுக்கத்தைப் பார்ப்பதற்காகத்தான் அம்மா கூப்பிடுவது காதில் விழுவதில்லை. கேமராவை அரை அடி கீழே இறக்கினால் அது தெரிந்திருக்கும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் இந்த ஓணத்துக்கு வந்திருந்தான். என் மனக்குறையைக் கேட்டுவிட்டு, “வெளிநாட்டில் எங்களைப் போன்றவர்களைக் கதையின் நடுவிலேயே உட்காரவைத்திருக்கிறார்கள் அப்பா” என்று சொல்லி, ‘தி பிக் பேங் தியரி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் போட்டுக் காட்டினான். 2007 முதல் 2019 வரை 12 பருவங்கள், 279 பகுதிகள் ஓடிய தொடர். கலிபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள்: இருவர் இயற்பியலாளர்கள், ஒருவர் வானியற்பியலாளர், ஒருவர் பொறியாளர். மகன் விளக்கிச் சொல்ல, பதினைந்து பகுதிகளாவது பார்த்திருப்பேன்.

மெச்ச வேண்டியதை முதலில் மெச்சுகிறேன். அந்த வீட்டு வெள்ளைப் பலகையில் இருந்த சமன்பாடுகள் சும்மா கிறுக்கியவை அல்லவாம். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் டேவிட் சால்ட்ஸ்பெர்க் அவற்றைத் தந்தும் சரிபார்த்தும் உதவியிருக்கிறார். நரம்பியல் விஞ்ஞானியாக நடித்த மாயிம் பியாலிக் உண்மையிலேயே நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஸ்டீபன் ஹாக்கிங்கும் அதில் வந்திருக்கிறார். பின்னணியில் கிடக்கும் ஒரு பலகைகூடச் சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு பேராசிரியரைத் தேடிப் போனார்களே, அந்த மரியாதை நம் ஊரில் எப்போது வரும் என்று ஏங்கினேன்.

ஆனால் அந்தப் பலகையை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அரங்கம் சிரிக்கிறது. ஒருவர் தன் துறையைப் பற்றி ஆவலோடு இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலச் சொன்னால், சொன்ன விஷயத்துக்கு முன்னே அந்த ஆவலுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வானியற்பியலாளராக வரும் ராஜேஷ் கூத்ரப்பாலி நம் டெல்லிக்காரர். பெண்கள் எதிரே வந்தால் அவருக்கு வாய் அடைத்துவிடும். குடித்தால்தான் பேச்சு வரும். ஆறு பருவங்கள் இதையே வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அவர் வானத்தில் எதைத் தேடினார் என்பது நான் பார்த்த பகுதிகளில் எனக்குத் தெரியவில்லை. ஊமையாக நின்றது மட்டும் தெரிந்தது. எங்கள் பள்ளி மேடையில் கைகால் உதறி விழுந்த பையன் நினைவுக்கு வந்தான். என்னை அதைவிட வருத்தியது பொறியாளர் ஹோவர்டின் நிலை. விண்வெளிவரை போய்வருகிற அந்த மனிதனை, முனைவர் பட்டம் இல்லை என்று, இயற்பியலாளர்களில் ஒருவனான ஷெல்டன் குத்திக்கொண்டே இருக்கிறான். கையால் கருவி செய்கிறவனுக்கு அங்கேயும் அதே இடம்தான்.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவர்களைச் சொல்லும் ‘கீக்’ என்ற சொல், முன்பு சந்தைக் கூடாரங்களில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டும் வித்தைக்காரனைக் குறித்தது என்று மகன் சொன்னான். இன்று அவர்களே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களாம். எங்கள் பக்கத்தில் அதற்கு நிகரான சொல் ‘கோட்டி’, அதாவது கிறுக்கு. இளவயதில் என்னை ‘ரேடியோ கோட்டி’ என்பார்கள். 80களில் ஓட்டு வீடுகளின் மேல் ஏறி, ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பித் தூர்தர்ஷனையும், கடல் பக்கம் திருப்பி இலங்கையின் ரூபவாஹினியையும் பிடித்துக் கொடுப்பேன். ரூபவாஹினி ஒருநாள் பளிங்குபோல வரும், மறுநாள் வெறும் புள்ளியாக இருக்கும். எந்த நாளில் தெளிவாக வந்தது, அன்று காற்று எப்படி, வெயில் எப்படி என்று மூன்று ஆண்டுகள் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒரு காசு வரவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் திருமணப் படங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் இப்படிப்பட்ட கோட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்க்கும் ஒருவர் என் நெடுநாள் வாடிக்கையாளர். பெட்டியைச் சரிபார்த்து முடிக்கும்வரை தேனீயைப் பற்றியே பேசுவார். ரப்பர்த் தோட்டத்தில் தேனீக்குக் கிடைக்கும் தேன் பூவிலிருந்து வருவதில்லை, புதிதாகத் தளிர்த்த இலைகள் காம்பில் சேரும் இடத்தில் சுரக்கிறது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு ரப்பர்த் தளிரை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, என் லென்ஸை வாங்கிப் பிடித்து, மூன்று இலைகள் கூடும் இடத்தில் பனித்துளிபோல நின்ற தேனைக் காட்டினார். அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். கண்ணாடி போட்டவர் அல்லர், திக்குவதில்லை, பெண்களைக் கண்டு நடுங்குவதில்லை. இப்படி ஒருவரை எந்தத் தொடரிலாவது யாராவது பார்த்திருக்கிறார்களா?

இன்னொரு தவறும் நடக்கிறது. மதிப்பெண்ணையும் ஆசையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். தொடரில் வரும் சோடாபுட்டி எப்போதும் முதல் மாணவன். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் படத்தை நாற்சந்தியில் பலகை வைத்துக் கொண்டாடுகிற ஊர் இது. என் பேத்தி வகுப்பில் பதினெட்டாவதோ இருபதாவதோ வருகிறவள். இயற்பியல் தேர்வில் மின்காந்த அலையைப் பற்றி எழுதச் சொன்னால் பாதியை விட்டுவிட்டு வருவாள். ஆனால் அந்த அலையைக் கையால் சுற்றிய கம்பியில் பிடித்தாள். பலகையில் படம் வராத, மேடையில் சிரிப்பு மட்டும் கிடைக்கிற பிள்ளைக்கு, தான் செய்வது நல்ல காரியம் என்று யார் சொல்வது?

சரக்கல்விளையிலிருந்து போன கே. சிவன் 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்தார். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்பை ஏற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர், ராக்கெட் எஞ்சின்களிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். இருவரும் இந்த மண்ணின் பிள்ளைகள். 2019 செப்டம்பர் 7 காலை எனக்கு மறக்காது. சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் இறங்கும்போது தொடர்பு அறுந்துபோன இரவின் விடியல் அது. கடையில் ஓடிக்கொண்டிருந்த மூன்று பெட்டிகளிலும் சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுதார். கடைக்கு வந்திருந்தவர்கள், தெருவில் போனவர்கள், பத்துப் பன்னிரண்டு பேர் நின்று பார்த்தோம். ஒரு இயந்திரத்துக்காக ஒரு மனிதர் அழுகிறார், ஒருவரும் சிரிக்கவில்லை. மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியபோது அதே வாசலில் மிட்டாய் கொடுத்தோம். நாற்பது ஆண்டுகளில், தன் வேலையை நேசிக்கும் ஒருவரைத் தொலைக்காட்சி உள்ளபடி காட்டியதை நான் பார்த்தது செய்தியில்தான். நாடகத்தில் பார்க்கவில்லை.

நேரம் இல்லை என்று தொடர் எடுப்பவர்கள் சொல்ல முடியாது. வாரத்தில் ஐந்தாறு நாள், நாளுக்கு அரை மணி. ஒரு மாமியார் மருமகளை அறைந்தால் அதை மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை காட்ட நேரம் இருக்கிறது. அதில் அரை நிமிடம் போதும். அந்தப் பையன் கையில் என்ன வைத்திருக்கிறான், அது என்ன செய்யும், அது வேலை செய்ததும் அவன் முகம் எப்படி இருந்தது என்று காட்டட்டும். நகைச்சுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையை அறிந்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் எத்தனை சிரிப்பு வரும் என்பது எங்கள் கடைக்கு வந்தால் தெரியும். தங்கள் நாளிதழும் வாரந்தோறும் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறது. எந்த நடிகை எந்தத் தொடரிலிருந்து விலகினார் என்பதோடு, இதையும் எழுத வேண்டும்.

எந்தத் தொடர்க் குழுவினராவது சால்டரிங் அயர்ன் பிடிக்கும் காட்சி எடுக்க நினைத்தால், தக்கலைக்கு வரட்டும். பணம் வேண்டாம். மேசை இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன, நான் சொல்லித் தருகிறேன்.

என் பேத்தி இப்போதும் கடைக்கு வருகிறாள். உடைந்த ஃபெரைட்டுக்குப் பதிலாக வேறு கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள், இன்னும் சுற்றவில்லை. போன வாரம் ஒரு எல்.இ.டி. பெட்டி வந்தது. ஒலி வருகிறது, படம் இல்லை. நான் கேட்காமலேயே டார்ச்சை எடுத்துத் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்து, “படம் இருக்கிறது பாட்டா, பேக்லைட்தான் போயிருக்கிறது” என்றாள். சரியாகச் சொன்னாள்; திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் போயிருந்தது. அப்போது கண்ணாடி போட்டிருந்தாள். கடைக்குள் மட்டும் போடுகிறாள். காலையில் பள்ளி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டு வருகிறாள்.

இப்படிக்கு,
ரேடியோ, தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.